டயருக்காக ஒரு பிரேம்

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

வீட்டுக்காரர் இறந்து நான் இத்தா இருக்க ஆரம்பித்து இன்றைக்கு முப்பதாவது நாள். கணக்குத் தப்பக்கூடாது என்று மகள் ஹிபா அவளுடைய பழைய காலேஜ் நோட்டைக் கொடுத்தாள். முன்பக்கம் அவள் படிப்பு, பின்பக்கத்திலிருந்து என் கணக்கு. நாளுக்கு ஒரு கோடு போட்டால் போதும்மா என்றாள். கோடு போட ஒரு நொடி ஆகிறது. மீதி நாளை என்ன செய்வது? அதனால் எழுதுகிறேன். ஆறாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும்.

நாலு மாதம் பத்து நாள், நவம்பர் பத்தொன்பது வரை வாசல் தாண்டக்கூடாது. வெளி ஆண்கள் யார் வந்தாலும் கூடத்துக்கும் நடைக்கும் நடுவில் திரை. பூப்போட்ட போர்வையைத்தான் கட்டியிருக்கிறோம். எனக்கு வெள்ளைத் துணி. தையல் மெஷின் இருக்கிறது, மிதிக்க மனசில்லை.

நடையில் அவர் சைக்கிள். அதற்கு மேலே ஆணியில் அவர் வாங்கி மாட்டிய புது டயர் இரண்டு. தண்ணீர் குடிக்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்த டயர் கதையை எழுதி வைக்கிறேன்.

ஜூன் மாதம் ஆர்.எஸ்.புரத்தில் வாங்கி வந்தார். பூசணிக்காய் மாதிரி குண்டு. சைக்கிளுக்கு எதுக்குங்க யானைக்கால் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியக்காலம் சைக்கிளில் கிளம்பி ஆனைமலைக்குப் போவார், தம்பிதுரை அண்ணன் தோப்புக்கு. முப்பது வருஷ சிநேகிதம். வரும்போது இளநீர் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவார். போகிற வழியில் கடைசி இரண்டு மைல் வாய்க்கால் கரை, சரளையும் மணலும். ஒல்லி டயர் அதில் புதைகிறதாம், வழுக்குகிறதாம். அதற்குத்தான் இந்தக் குண்டு டயர்.

மாட்டிப் பார்த்தார். சக்கரம் சுற்றவில்லை. பெடலுக்குப் பின்னால் இரண்டு குழாய் பிரிந்து போகிற இடத்தில் டயரை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் தலைமுடி கனம் தப்பாமல் கடைசல் பிடித்த மனுஷன், டயரை அளக்காமல் வாங்கிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் ஹிபா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவரும் சிரித்தார். பிரேமை மாத்திரலாம், இரும்புலயே ஒண்ணு பாத்துரலாம் என்றார்.

டயருக்காக யாராச்சும் பிரேம் வாங்குவாங்களா, அப்புறம் பாத்துக்கலாங்க என்றேன்.

ஜூலை பதிமூன்று ஞாயிறு. வாய்க்கால் கரையில் கிடந்தவரைத் தம்பிதுரை அண்ணன்தான் பார்த்தது. டயர் வழுக்கி விழுந்தாரா, நெஞ்சு நின்று விழுந்தாரா, டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

நெஞ்சா இருக்கட்டும் அல்லாவே. நெஞ்சாவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பி முஜீப் வந்தான். இந்தச் சைக்கிளப் பாத்துப் பாத்துத்தான் அக்கா உனக்கு மனசு ஆறமாட்டேங்குது, வித்துடறேன் என்றான். சரி என்றேன். சாயங்காலம் பார்த்தால் ஹிபா சைக்கிளையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறாள். சாவி எங்கே என்றால் சிரிக்கிறாள். அப்படியே அவர் சிரிப்பு. இருபத்து மூன்று வயது, ஆபீஸ் போகிற பெண், அடிக்கவா முடியும்?

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று ஹிபா சிநேகிதி வீட்டுக்கு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இருட்டுகிற நேரம் வந்தாள். எனக்கு முதுகு வலி, சீக்கிரமே படுத்துவிட்டேன். இன்று நடையைக் கூட்டினேன். சைக்கிள் டயர் பள்ளத்தில் செம்மண். ஈரம் காயவில்லை.

நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

தம்பிதுரை அண்ணன் வந்தார். ஒரு சாக்குத் தேங்காய். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் இந்தப் பக்கம் தரையில். முப்பது வருஷம் நேருக்கு நேர் காபி கொடுத்த ஆள். இப்போது போர்வைக்குக் கீழே அவர் கால் மட்டும் தெரிகிறது. ஆள் தெரியாட்டியும் காப்பி அதே ருசிதானுங்க தங்கச்சி என்றார். அப்புறம் கட்டை விரல் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க தங்கச்சி, ஒண்ணு சொல்லோணும். சொல்லாம எனக்குச் சோறு எறங்கலீங்க."

ஹிபா ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வாய்க்கால் கரைக்கு வந்திருக்கிறாள். அவர் விழுந்த இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பும்போது அதே வளைவில் சறுக்கி விழுந்திருக்கிறாள். தம்பிதுரை அண்ணன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருமுனையில் விட்டிருக்கிறார்.

"நாஞ்சொன்னேன்னு அம்மணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. என்னைய நம்பித்தான் வந்துச்சு."

என் வாயிலிருந்து சரிங்கண்ணா என்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடிகாலை பஜர் தொழுதுவிட்டு அவள் படுத்திருந்த இடத்துக்குப் போனேன். முட்டியில் தோல் உரிந்து காய்ந்திருக்கிறது. சின்ன வயதில் விழுந்தால் தெருவுக்கே கேட்கும்படி அழுவாள். இப்போது ஐந்து நாள் ஒளித்து வைத்திருக்கிறாள், என்னிடமிருந்து.

போகாதே என்றால்? பொய் சொல்லிவிட்டுப் போவாள். விற்றுவிட்டால்? இன்னொருத்தர் சைக்கிளில் போவாள். அவர் பிள்ளை. கட்டிப் போட முடியாது. போறவ நல்ல டயர்ல போகட்டும்.

பல் விளக்கிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன், அந்த டயருக்கு ஒரு பிரேம் பாரு, உன் அளவுக்கு. அது வரைக்கும் அந்தக் கரைக்குப் போகமாட்டேன்னு என் தலையில கை வை. வாயில் நுரையோடு கை வைத்தாள். மருந்து போடு முட்டிக்கு என்றேன். அவள் முகம் போன போக்கு!

செப்டம்பர் 3, புதன்

முஜீப் காதுக்குப் போய்விட்டது. டயருக்கு வண்டி வாங்கற ஊடு ஒலகத்துலயே இது ஒண்ணுதான் என்கிறான். சொல்லட்டும். நானும் அதையேதான் சொன்னேன், ஒருத்தரிடம்.

ஹிபா போனில் படம் படமாகக் காட்டுகிறாள். ஒரு கடையில் அலுமினிய பிரேம், மினுமினு நீலம். ஒரு கையில் தூக்கலாமாம். டயர் போக இடமும் தாராளம். ஒரு கிலோ கம்மிம்மா என்கிறாள். ஒரு கிலோ என்றால் உரித்த தேங்காய் இரண்டு, அதைச் சுமக்க முடியாதா உனக்கு என்றேன்.

அலுமினியம் பற்றி அவர் சொன்னது ஞாபகம் வந்தது. இரும்பு வளைஞ்சு காட்டிட்டுத்தான் ஒடையும், அது சொல்லாமக் கொள்ளாம ஒடஞ்சுரும் என்பார்.

நீங்க மட்டும் சொல்லிட்டா போனீங்க?

செப்டம்பர் 6, சனி

நீல பிரேம் வேண்டாம் என்று முடிவு. நான் முடிவு செய்யவில்லை, ஹிபாவே கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இப்போது வருவதெல்லாம் பெரிய சக்கரத்துக்குச் செய்ததாம். பிரேக்கும் வேறு மாதிரி. நம் சக்கரம் அதில் சேராது. சக்கரம் மாற்றினால் டயரும் வேறு. அப்புறம் அத்தா டயர் எதுக்கும்மா என்று அவளே சொன்னாள்.

பொள்ளாச்சியில் ஒருவர் பழைய இரும்பு பிரேம் விற்கிறாராம், வெளிநாட்டுச் சரக்கு. சக்கரம் சேரும், டயருக்கும் இடம் இருக்கும். ஆனால் உயரம். இவள் நின்றால் கால் நுனிதான் தரையில் படும். அத்தாவின் சைக்கிளையே சீட்டை இறக்கி ஓட்டுகிறவள்.

நம் பிரேமையே பட்டறை வைஸ் இடுக்கியில் வைத்துக் குழாயை நசுக்கி இடம் பண்ணலாம் என்று முஜீப் சொன்னான். அவர் தொட்டுத் தொட்டுத் துடைத்த குழாய். உன் மண்டையை வைஸில் வை என்றேன்.

மிச்சம் இருப்பது கணபதியில் ராமுலு. என் வீட்டுக்காரரோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவர். இப்போது சொந்தமாக வெல்டிங் ஷெட். கேட் செய்கிறார், தள்ளுவண்டி செய்கிறார், கேட்டால் சைக்கிள் பிரேமும் செய்வாராம். பிரேமும் முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கும் மட்டும் புதுசு. மீதி எல்லாம் அத்தாவின் சைக்கிளில் இருப்பதே.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஹிபாவை அளந்தேன். சுவரில் சாய்த்து நிற்க வைத்து, டேப்பை எடுத்து, உள் கால் இருபத்தொன்பது. கை நீளம், தோள். கடைசியாக அவளுக்கு அளவு எடுத்தது பெருநாள் சுடிதாருக்கு. அதற்கு அப்புறம் இளைத்திருக்கிறாள். கூசுதும்மா என்று நெளிந்தாள். பிளவுஸ் அளவு எடுக்கிற மாதிரியே ஒரு சீட்டில் எழுதினேன். மேலே பெயர், ஹிபா. அதற்குக் கீழே என்ன துணி என்று எழுதுகிற இடத்தில் இரும்பு என்று எழுதினேன்.

டேப்பை வைத்தபோது இரண்டு மாதத்துக்கு அப்புறம் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராமுலு வந்தார். கால் மட்டும் பார்த்தேன், இடது கால் பெருவிரலில் தீப்பொறி பட்ட தழும்பு. டயரைத் திரைக்கு அடியில் தள்ளினேன், சக்கரத்தில் மாட்டிக் காற்றடித்தது. அளந்துகொண்டார். சீட்டையும் கொடுத்தேன். தையக்காரம்மா அளவு தப்பாதுங்க என்றார்.

ஒன்று மட்டும் நானே சொன்னேன். என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்த விஷயம், டயருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு பென்சில் உருண்டு போகிற இடம் வேண்டும், இல்லாவிட்டால் கல் மாட்டிக்கொள்ளும் என்று. பென்சில் என்று வாயில் வரவில்லை. என் வீட்டுக்காரரின் பழைய சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் இத்தனை எடம் வேணுங்க என்றேன். ராமுலு, இத்தன விட்டாப் போதுங்களா என்றார். போதுங்க என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பிரேம் வந்தது. பெயிண்ட் இல்லை, வெறும் இரும்பு, ஒட்டின இடத்தில் மட்டும் பித்தளை மஞ்சளாக வழிந்திருக்கிறது. அழகாகத்தான் இருந்தது. ஹிபா எல்லாவற்றையும் பிரித்து மாட்டினாள். எந்த ஸ்பேனர் எதற்கு என்று அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது.

சக்கரத்தைச் சுற்றினாள். சர்ர்ர் என்று உரசல். ஒரு காகிதம் போகிற இடம்தான் இருக்கிறது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். ஹிபாதான் கண்டுபிடித்தாள். அம்மா, 'இத்தனை'ன்னு சொல்லும்போது கையில காட்டினியா? காட்டினேன் என்றேன். ராமுலு மாமாவும் அந்தப் பக்கம் விரலில் காட்டியிருப்பாரே, நீ பாத்தியா? எப்படிப் பார்ப்பேன், நடுவில் போர்வை. நான் இந்தப் பக்கம் பென்சிலைக் காட்டுகிறேன், அந்த மனுஷன் அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார், இரண்டு பேரும் போதுங்க போதுங்க என்கிறோம்.

ஹிபா தரையில் உருண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தாவில் இருக்கிறவள் இப்படிச் சிரிக்கலாமா? பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எண்பத்தைந்தாவது நாள் இன்று.

அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன். தெரியலீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூச்சம். அளக்காமல் வாங்கினார் என்று அவரைச் சிரித்தேனே. நான் அளந்தும் தப்பு விட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சின்ன விஷயம், ஆனால் எழுத வேண்டும். ஹிபா தலையில் கை வைத்த சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன், உரசுகிற சக்கரத்தோடு போய்விடப் போகிறாள் என்று. அவள் சொன்னாள்: "நீ பயப்படாத மாதிரி ஒரு பிரேம் வர்ற வரைக்கும் நான் போகமாட்டேம்மா. ஓடற பிரேம்னு சொல்லல. நீ பயப்படாத பிரேம்."

அக்டோபர் 12, ஞாயிறு

இந்தத் தடவை வாயால் ஒன்றும் சொல்லவில்லை. துணிக் கடை அட்டைப் பெட்டியை எடுத்து, காற்றடித்த டயர் மேல் கவிழ்த்து, இரண்டு பக்கமும் பென்சில் வைத்துக் கோடு இழுத்து வெட்டினேன். கழுத்து வெட்டுகிற மாதிரிதான், கொஞ்சம் ஆழக் கழுத்து. பின் குழாய்க்கு ஒன்று, போர்க்குக்கு ஒன்று.

ராமுலு வந்ததும் நான்தான் முதலில் பேசினேன். எம்மேலதாங்க தப்பு, நீங்க காட்டினது எனக்குத் தெரியல, தெரியலைன்னு சொல்லாம விட்டுட்டேன் என்றேன். அந்தப் பக்கம் ஒரு செருமல். நானுங் கேட்டிருக்கோணுமுங்க, திரைக்குக் கையக் காட்டிட்டு நின்னா என்ர மேலயும்தான் தப்பு என்றார். பாழாயிருச்சுங்களா என்று கேட்டேன்.

"இரும்புதானுங்கம்மா. சூடு காட்டுனா பித்தளை எளகி வந்துரும். வேற குழாய் வெச்சு ஒட்டிக்கலாம். அலுமினியமா இருந்தாத்தான் தூக்கிக் கடாசோணும்."

அட்டையைத் திரைக்கு அடியில் தள்ளினேன். பென்சிலையும் தள்ளினேன், அட்டையில் தப்பு இருந்தாலும் அதை வைத்துப் பார்க்கட்டும் என்று. கால் அசையவில்லை.

"இது நசுருதீன் கடிச்ச பென்சிலுங்களே."

ஆமாங்க, அவரோடதுதாங்க என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

எங்கும் வெடிச் சத்தம். எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பிரேம் திரும்பி வந்தது. பின் குழாய் இரண்டும் நடுவில் லேசாக வெளியே வளைந்து, இடுப்பில் கை வைத்து நிற்கிற ஆள் மாதிரி. ஹிபா மாட்டினாள். சுற்றினாள். சத்தமே இல்லை. கூடவே வந்த பென்சிலை நான் எடுத்து டயருக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டேன். இடது பக்கம் உருண்டது. வலது பக்கம் உருண்டது. போர்க்கிலும் உருண்டது.

ராமுலு பென்சிலைச் சீவாமல், துடைக்காமல், ஒரு துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 5, புதன்

என்ன கலர் என்று கேட்டாள். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. மாம்பழ மஞ்சள் என்றேன். தூரத்திலிருந்தே தெரியும்.

நவம்பர் 19, புதன்

இன்றோடு இத்தா முடிந்தது. முஜீப் புதுச் சேலை எடுத்து வந்தான், ஊதா. போர்வையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டேன். கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிகிறது. வாசலில் போய் நின்றேன். கண் கூசியது. கறிகாய் வண்டிக்காரர் நல்லா இருக்கீங்களாம்மா என்றார். கத்தரிக்காய் வாங்கினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அவரை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அதனால் வாய்க்கால் கரைக்குப் போகலாம் என்று நான்தான் கேட்டேன். ஹிபா விடியக்காலமே சைக்கிளில் கிளம்பிவிட்டாள். முஜீப்பும் நானும் பஸ்ஸில் போனோம். ஸ்டாண்டில் தம்பிதுரை அண்ணன் நின்றார். நாலு மாதத்தில் மீசை முழுக்க வெளுத்துவிட்டது. நானும் எப்படி இருந்தேனோ, ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாத மாதிரிப் பார்த்துவிட்டு, "வாங்க தங்கச்சி" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வளைவைக் காட்டினார். சும்மா ஒரு வளைவு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தென்னை, நடுவில் சரளை. நான் மனசில் வைத்திருந்தது வேறு மாதிரி இடம். உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசின் ஓதினேன். முஜீப் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. கிட்ட வந்தது. என் கை தானாக முஜீப் சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஹிபா வளைவுக்குள் வந்தாள், பிரேக்கைத் தொடவில்லை, சரளை நெறுநெறு என்றது. சறுக்கவில்லை. எங்களைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், பயப்படுகிறேனா என்று.

மணலில் பார்த்தேன். டயர் தடம் என் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அழுத்தமாக, நேராகப் போயிருந்தது.

வழுக்கினதா, நெஞ்சா என்று எனக்கு இனிமேலும் தெரியப் போவதில்லை. நெஞ்சா இருக்கட்டும் என்று இன்றைக்குக் கேட்கவில்லை. அப்புறம் பாத்துக்கலாம் என்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன், அவரிடம். தம்பிதுரை அண்ணன் இளநீர் வெட்டினார். நாலு பேருக்கு ஐந்து வெட்டிவிட்டார். ஐந்தாவதை ஹிபா குடித்தாள்.

முஜீப் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, டயருக்கு வாங்கினாலும் பரவால்லக்கா, வண்டி ஜோரா இருக்கு என்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

பள்ளிக்கூட யூனிபாரம் பன்னிரண்டு செட் தைக்க வந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் வேண்டுமாம். காலையிலிருந்து மெஷினில்தான் இருக்கிறேன். முதுகு விட்டுப் போயிற்று.

ஹிபா விடியும்போது கிளம்பினாள். காற்று நான்தான் அடித்தேன். பெருவிரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் விடும்மா, மணலுக்கு இவ்வளவு வேணாம் என்றாள். விட்டேன். பென்சிலை ஒரு தடவை உருட்டிப் பார்த்தேன், அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தம்பிதுரை அண்ணன் வீட்டுக்கு ஒரு டப்பா தம்ரூட் இனிப்பு கட்டிக் கொடுத்தேன். போய் வாரேன் என்றாள், சரி கண்ணு என்று உள்ளே வந்து நூல் கோத்தேன்.

எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.